பதினான்காம் கேள்வி

தாண்டேகா ம்கீசே படிவங்களோடு வந்தது
ஒரு சனிக்கிழமை. கொடிகளெல்லாம் பள்ளிச் சட்டைகள்.
நாற்பத்தொரு கேள்விகள்,
ஒரு பெட்டி நீலப் பேனா.
மெரிபேங்க் சமூக மண்டபத்தில் ஆறு பேர் உட்கார்ந்தோம்.
நானும் ஒருத்தி,
தையல் ஆலை மூடியபின் கைக்கு வேலையில்லாதவள்.

தாளில் எங்களைப் பங்கேற்பாளர்கள் என்று போட்டிருந்தது.
மொகாம்பரி கேட்டாள்:
பங்கு என்றால் எவ்வளவு?
பங்காளி என்றால் சண்டையும் உண்டே, சம்மதமா?
பேராசிரியர் சிரித்தார்.
தாண்டேகா சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு
சொல்லுங்கள் என்றாள்.
அதற்காகத்தான் மறுவாரமும் போனேன்.

பதினான்காம் கேள்வி:
இரவில் உங்கள் பிள்ளைக்கு வீசிங் உண்டா?
அறுபது வீடு கேட்டோம். ஐம்பத்திரண்டு 'இல்லை'.
கணினி நம்பியது. பேராசிரியர் நம்பினார்.
எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்;
பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு
எழுந்து உட்காரும் என்று தெரியாதவள்
இந்தத் தெருவில் யார்?

வீசிங் ஆஸ்பத்திரிச் சொல்.
ஆமாம் என்றால் விடியுமுன் கிளினிக் வரிசை,
ஓட்டப்பந்தயத்தில் பெயர் வெட்டு,
மாமியார் வீட்டில் ஒரு பேச்சு.
"நெஞ்சில் பூனை கத்துதா என்று கேளுங்கள்" என்றாள் சலாட்சி.
பேராசிரியர் பூனைக்குத் தயங்கினார்.
மூன்று கூட்டம். இரண்டு தட்டு சில்லி பைட்ஸ்.
ஒருமுறை மொகாம்பரி எழுந்தே போய்விட்டாள்.
கடைசியில் பூனை படிவத்துக்குள் நுழைந்தது.

அதே அறுபது வீடு.
முப்பத்தெட்டுப் பூனைகள்.

பிறகு காற்றை அளக்கும் பெட்டி வந்தது,
பள்ளிக்கூரையில் வைக்க.
பிள்ளைகள் கூரையிலா மூச்சு விடுகிறார்கள்?
துணிக்கொடி உயரத்துக்கு இறக்குங்கள் என்றேன்.
தென்மேற்கிலிருந்து வீசும் ராத்திரி
காலர் மடிப்பில் கறுப்புப் பொடி உட்காரும்.
இருபது வருடம் சோப்புப் போட்டு
நான் அழித்துக்கொண்டிருந்தது
அவர்கள் தேடி வந்ததைத்தான்.

பதினேழாம் எண் வீடு மட்டும் கதவைப் பாதி திறந்தது.
பூபாலன் ஆலையில் வால்வு பார்க்கிறவன்.
உள்ளே அவன் மகள் இருமுவது
எனக்கும் கேட்டது, அவனுக்கும்.
"கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என் சம்பளத்தை
யார் அளப்பார்கள், அக்கா?"
நாற்பத்தொன்றில் அந்தக் கேள்வி இல்லை.

'மறுத்தவர்' என்று குறிக்கச் சொன்னது விதி.
'இன்னும் இல்லை' என்று குறித்தேன்.
தாண்டேகா அதை அடித்தாள்.
மேலே மறுபடி எழுதினேன்.
மறுபடி அடித்தாள், தாள் கிழிய.
முதல் பங்காளிச் சண்டை.
நாலு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் கறியோடு வந்தேன், அவள் ரொட்டியோடு.
கட்டம் ஒன்று கூடியிருந்தது, பெயரில்லாமல், வெறும் கட்டம்.

எதுவும் அச்சுக்குப் போகுமுன்
எங்களுக்கு வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.
வாசித்தார்கள். திரையில் புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளை, பெயர் கிடையாது.
வலது மேல் மூலையில்
ஒன்று மட்டும் தனியாக.
பெயர் யாரும் சொல்லவில்லை.
சலாட்சி கைப்பையைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.
என்ன எழுதப் போகிறீர்கள் இதற்கு என்று கேட்டேன்.
சேர்ந்து எழுதுவோம் என்றார் பேராசிரியர்.
சேர்ந்து என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன், தேதியோடு.

கதவோரம் வேலைச் சட்டையோடு பூபாலன்.
எப்போது வந்தான் தெரியாது.
ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும்
நாற்காலிகளை அடுக்கினான், ஒவ்வொன்றாக, சத்தம் வராமல்.

வெளியே வந்தால் காற்று திரும்பியிருந்தது.
மண்டபத்துப் பின்னால் சலாட்சி வீட்டுக் கொடியில்
நாளைக்கான சட்டைகள்.
ஓடினோம்.
தாண்டேகாவுக்கு உயரம் எட்டும்;
அவள் கிளிப்புகளைப் பிடுங்கிப் போட
நான் பிடித்தேன்.